பசை

“பதினாலாம் நம்பருக்கு மட்டும் ஏன் காலியா விட்டிருக்கே?” என்றார் மேலாளர்.

“பதிவு சரியாக் கேக்கலை, சார்.”

“கேக்கலையா? போடு. மூணு பேரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்போம்.”

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். கோப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினான்.

இரண்டு ஊர்கள்தான் மிச்சம். துறைமுக ஊர் ஒன்று. மில்கள் மூடிக் கிடக்கும் ஊர் ஒன்று. வெளிநாட்டு வங்கியின் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல, நானூறு பேர் உட்காரும் கூடம் இரண்டில் ஒன்றுக்குப் போகும். மற்ற ஊருக்குத் தான் போட்டியில் இருந்ததே தெரியாது.

மின்வெட்டு எத்தனை மணி, விமான நிலையம் எவ்வளவு தூரம், மழை பெய்தால் எந்தச் சாலை மூழ்கும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டவன் அவன்தான். மில் ஊரைப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தவனும் அவன்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தான். அது உண்மையான பதில் அல்ல.

இரண்டும் சமமாக நின்றன. இனி ஒரே ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்துக்கு மேலாளர் வைத்த பெயர் பசை.

வேலை பழகியதும் பெரிய நகரத்துக்கு ஓடிவிடுகிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் ஓட முடியாமல் ஒட்டிக்கொண்டு கிடப்பவர்கள் எத்தனை பேர் என்பது அதில் வரும். ஊருக்கு இருபது பேரைத் தொலைபேசியில் நேர்காணல் எடுத்திருந்தார்கள். எந்த நிறுவனம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பதிவுகள் பெயர் நீக்கி, எண் மட்டும் போட்டு அவனிடம் வந்தன.

அவன் மில் ஊரின் பதினாலாம் எண் பதிவை ஓடவிட்டான். தெளிவாகக் கேட்டது. பழைய மின்விசிறியின் டக் டக் கூடக் கேட்டது.

மேலாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

ஆங்கிலக் கேள்விகள் முடிந்து பேச்சு சொந்த மொழிக்கு வந்திருந்தது. பெரிய ஊரில் இரண்டு மடங்கு சம்பளம் கிடைத்தால் போவீர்களா என்று பதிவில் ஒரு பெண் கேட்டாள். நேர்காணல் எடுத்த அந்தப் பெண், இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க மேடம் போறது? அப்பா படுத்த படுக்கை. ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கணும். உள்ளூர்லயே வேலைன்னா பக்கத்து வீட்டு அத்தை பாத்துக்குவாங்க. வெளியூர்னா நினைச்சுக்கூடப் பாக்க முடியாது.”

அவன் ஒலியைக் குறைத்தான்.

“ஏம்ப்பா குறைக்கிறே? நல்லாத்தானே பேசுது.”

கூட்டினான்.

பதிவில் பின்னால் யாரோ இருமினார்கள். நீளமான இருமல். “இதோ வந்துட்டேம்ப்பா” என்றது குரல், போனைப் பொத்திக்கொண்டு.

கூடப் பிறந்தவர்கள்?

“ஒரே அண்ணன். வெளியூர்ல பெரிய வேலை. தங்கமான மனுஷன், மேடம். தினமும் போன் பண்ணி, அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டுட்டுத்தான் அவர் சாப்பிடவே உக்காருவார்.”

பதிவு முடிந்தது.

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்காமல் மூடினான்.

மேலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான்யா பசை! கிரேன் வெச்சு இழுத்தாலும் இந்தப் பொண்ணு நகராது. இந்த மாதிரி அங்க எத்தனை பேர்?”

“ஒன்பது. இவங்களைச் சேர்த்தா பத்து.”

“துறைமுகத்துல?”

“ஒன்பது.”

ஒருவருக்கு அம்மா. ஒருவருக்கு மாமியார். ஒருவருக்கு விலை போகாத வீடு. நகர முடியாதவர்கள் அதிகம் இருக்கும் ஊர் ஜெயிக்கும். சமமாக நின்றால் துறைமுகம்தான். அங்கே விமான நிலையம் இருபது நிமிடம்.

மேலாளர் பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டார்.

“ஒண்ணு இடிக்குதே. அந்த அண்ணன்காரன். தினமும் போன் பண்றவன் ஒருநாள் பாசம் பொத்துக்கிட்டு வந்து, அப்பனைத் தன்னோட கூட்டிட்டுப் போயிட்டான்னு வை. பொண்ணு மறுநாளே பெட்டியைக் கட்டிடும். இவளைக் கணக்குல சேக்க முடியாதுப்பா.”

நானூறு நாற்காலிகள். மூடிய மில்லின் நூல் கிடங்கை அதற்காகப் பார்த்து வைத்திருந்தான். அந்த மின்விசிறி ஓடும் வீட்டிலிருந்து கிடங்குக்கு ஏழு நிமிட நடை.

“சேத்துக்கலாம், சார்,” என்றான். “அவன் வரமாட்டான்.”

“எப்படிச் சொல்றே?”

“அந்தப் பொண்ணு விட்டுக்கொடுக்காமப் பேசுது. அவன் போன் பண்ணி ஏழு மாசம் ஆச்சு.”

மேலாளர் மேசையைத் தட்டினார். “பாத்தியாம்மா, எவ்வளவு ஆழமா விசாரிச்சு வெச்சிருக்கான்!”

நேர்காணல் எடுத்தவள் எழுதுவதை நிறுத்தினாள். அந்த வீட்டோடு பேசியவள் அவள் ஒருத்திதான். ஏழு மாதம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் அவனைப் பார்த்தாள்.

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.