பழைய சோறு கொடுக்காதவள்

படிவத்தின் பதினோராவது கேள்விக்கு வந்ததும் டாக்டர் மிருதுளா சற்றுத் தயங்கினாள்.

குழந்தைக்குத் தயிர், மோர், பழைய சோறு இதில் ஏதாவது, வாரத்தில் எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பது கேள்வி.

ஜெனிபர் முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு நேராக அங்கன்வாடிக்கு வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் வைஜயந்தியை ஏறிட்டுப் பார்த்தாள்.

வைஜயந்திக்கு அந்தப் பார்வை பழக்கம்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய இந்தக் காலனிக்குப் பதினான்கு வருடமாக அவள்தான் நர்ஸ். மாத்திரையோ, ரேஷன் கார்டோ, புருஷனின் குடியோ, எதுவானாலும் இங்குள்ள பெண்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஜெனிபரின் மகள் அக்ஸா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டரை வயது. தொண்டை அடைப்பான். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்தது. நான்காம் நாள் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் மிருதுளாவின் ஆய்வுக் குழு வந்தது. காலனியின் முப்பத்தோரு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தடுப்பூசி அட்டைப்படி எல்லோருக்கும் அதற்கான ஊசி போட்டாயிற்று. ரத்தத்திலோ, பத்தொன்பது பேருக்கு ஊசி போட்ட அடையாளமே இல்லை.

எல்லோருக்கும் மறுபடி ஊசி போட்டார்கள். முதலில் போட்டது ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியவில்லை.

மிருதுளா பொறுமையாக விளக்கினாள். வயிற்றில் நல்ல கிருமிகள் இருக்கின்றன. நோயை எதிர்க்க உடம்பைப் பழக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் கெட்ட இடத்தில் அவை குறைந்துபோகலாம். புளித்த உணவு சாப்பிடும் குழந்தைகளுக்கு ஊசி நன்றாகப் பிடிக்கலாம். உறுதியாக யாருக்கும் தெரியாது. இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

அந்த 'இருக்கலாம்' என்பதை அவள் இரண்டு முறை அழுத்திச் சொன்னாள். ஜெனிபரின் காதில் அது ஏறவில்லை.

அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா பாக்கியநாதன் அடுத்தவர் வயலில் கூலி. விடிந்தால் பழைய சோறும் வெங்காயமும்தான். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் புளிச்ச வாடை என்று மூக்கைப் பொத்துவார்கள். கம்பெனியில் வேலை கிடைத்த அன்றே ஜெனிபர் ஒரு முடிவெடுத்தாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஷிப்டுக்குப் போகுமுன் அக்ஸாவுக்கென்று சுடச்சுடப் பொங்கி வைத்துவிட்டுப் போவாள். மிஞ்சிய சோறு தெரு நாய்க்கு. சளி பிடிக்கும் என்று தயிரையும் கண்ணில் காட்டியதில்லை.

"நான் துன்னுகினு வளந்த பழையத எம் பொண்ணு தொடவே கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன் மேடம்."

சொல்லிவிட்டு வைஜயந்தியின் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், நீங்க சொன்னா நம்பறேன். அதனாலதான் ஊசி புடிக்கலியா?"

மிருதுளாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

வைஜயந்தி வாயைத் திறந்தாள்.

இருக்கலாம் என்றாள்.

அக்ஸாவுக்குக் கைக்குழந்தையில் போட்ட மூன்று ஊசியும் அவள் கையால் போட்டவை. மூன்றும் காலனியின் ஊசி நாளான புதன்கிழமை.

ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும், மருந்து கொண்டுபோகும் பெட்டியில் அடுக்கக் கூடாது. அவை வியர்த்து, உள்ளே தண்ணீர் குலுங்கும்வரை வெளியில் வைத்திருக்க வேண்டும். அரைமணிக்கு மேல் பிடிக்கும். ஏழரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டால் தாய்மார்கள் போய்விடுவார்கள். ஊசிக்காக லீவு எடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு புதன்கிழமை, கல்லாக இருந்த பேக்குகளை அப்படியே அடுக்கினாள். அடுத்த புதனும் அப்படியே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

காலனிக்கு வந்து பெட்டியைத் திறந்தால் சில குப்பிகளில் மருந்து உறைந்துபோயிருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்குவாள். இளகியதும் வெள்ளைத் துகள்கள் அடியில் போய் உட்காரும்.

உறைந்த மருந்து செத்த மருந்து என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அவள் மறந்ததில்லை. குலுக்கி, துகள்கள் மேலே சுழலும்போதே ஊசியில் ஏற்றிவிடுவாள்.

அக்ஸாவைப் புதைத்ததற்கு அடுத்த புதன்கிழமையிலிருந்து ஐஸ் பேக்குகள் வியர்க்கும்வரை காத்திருக்கிறாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெனிபர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. இத்தனை நாள் தேடிய காரணம் கிடைத்துவிட்டவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குடுக்கலன்னு எழுதிக்கோங்க மேடம். ஒரு நாள் கூட குடுக்கல."

மிருதுளா கட்டத்துக்குள் பூஜ்யம் போட்டாள்.

படிவத்தின் கடைசியில், உடனிருந்தவர் என்ற இடத்தில், வைஜயந்தி கையெழுத்துப் போட்டாள்.