குருசுவின் தலையாட்டல்

குருசுவுக்குத் தூக்கு என்று தீர்ப்பானதிலிருந்து பக்கத்து வீட்டு ரோசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. நாற்பது வயதாகியும் பிள்ளைமனம் மாறாத குருசு, யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். தெருவே அவனை அப்படித்தான் தண்ணீர் சுமக்க வைத்தது. “கொலை செஞ்சது நீதானே?” என்று போலீஸ் கேட்டபோதும் ஆட்டிவிட்டான்; அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள்.

அப்பீல் விசாரணைக்குக் குருசுவை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பார்க்கப் போன ரோசம்மாள் பொறுக்காமல் எழுந்தாள்.

“லேய் குருசு, அந்தக் கொலையைச் செஞ்சது இந்த ஜட்ஜ் ஐயாதானே?”

குருசு சிரித்தபடி தலையாட்டினான்.

“உக்காரும்மா!” என்று சேவகர் அதட்டினார்.

“உக்காருதேன். ஐயாவை எப்போ தூக்குல போடுவீங்க?”

கோர்ட்டு சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீ யாரையும் கொல்லலதானே?” என்று மெதுவாகக் கேட்டார்.

குருசு அதற்கும் தலையாட்டினான்.

ஜட்ஜ் பேனாவை மூடிவைத்துவிட்டு, வாக்குமூலத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.