ஆர்லோ சொன்னா சரி

"ஹென்ஸ்லியா? அவனை எடுக்கிறதுக்குப் பதிலா உங்க டொலீடோ அணி இந்த வாஷிங் மெஷினை எடுக்கலாம் தம்பி. இதாவது சொன்ன நேரத்துக்குச் சுத்தும்!"

சொல்லிவிட்டு ஆர்லோ தானே சிரித்துக்கொண்டார். தையல் மெஷினில் பாதியில் நின்ற வேலையின் மீது ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

டொலீடோவுக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுக்கும் வெர்ஜிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் மைதானத்தில் ஹென்ஸ்லி அறுபத்து நான்கு முறை பந்து எறிந்தான். மூன்றே மூன்றுதான் தரையில் விழுந்தன. ஆள் பார்க்க வந்திருந்த அத்தனை அணிக்காரர்களும் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாய் பிளந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்தான் குவார்ட்டர்பேக்; இந்த ஆண்டு கல்லூரியை முடிக்கும் குவார்ட்டர்பேக்குகளில் அவனை மிஞ்ச ஆளில்லை.

டிராஃப்டுக்கு இன்னும் இரண்டே வாரம். பெரிய அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பொறுக்கும் நாள். டொலீடோவுக்கு ஒன்பதாவது இடம்.

ஆனால் எறிவதைப் பார்ப்பது பாதி வேலைதான். ஆள் எப்படி என்று விசாரிப்பது மீதி. பயிற்சியாளரைக் கேட்டால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். உண்மை வேண்டுமானால் அழுக்குத் துணி துவைப்பவரிடம்தான் போக வேண்டும். இந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டை துவைத்து, ஹெல்மெட் துடைத்து, முதுகில் பெயர் தைத்துத் தருபவர் ஆர்லோ.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பையனைப் பற்றி, "வேணாம் தம்பி" என்றார் அவர். வெர்ஜில் கேட்கவில்லை. அந்தப் பையன் நான்கே ஆட்டத்தில் மூட்டை கட்டினான்.

"இன்னொரு தடவை தப்பான ஆளைக் காட்டினே, நீ பழைய கார் விக்கப் போகலாம்" என்று மேலாளர் டோரீன் அப்போதே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, விளையாட்டு வேணாம். என் வேலையே இதுலதான் இருக்கு. பையன் எப்படி?"

"சோம்பேறி. காலையில எழுப்ப நாலு பேர் வேணும். சொல்லிக்கொடுத்த திட்டம் ஒண்ணும் மண்டையில நிக்காது. மழை பெஞ்சா கையில பந்தும் நிக்காது."

"போன நவம்பர்ல கொட்டற மழையில ஜெயிச்சானே?"

"அது... சாரல்!"

கதவு திறந்தது. ஹென்ஸ்லியே நின்றான். தோளில் ஈரத்துண்டு மூட்டை.

"ஆர்லோ அண்ணே, இடுப்பு வலி தேவலையா? நீங்க குனியாதீங்க, நானே மெஷின்ல போட்டுடறேன்." மளமளவென்று போட்டான், பொத்தானைத் தட்டினான், வெர்ஜிலைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

"பார்த்தியா நடிப்பை?" என்றார் ஆர்லோ. "நீ ஆள் பார்க்க வந்தவன்னு தெரிஞ்சு வேஷம் கட்டறான்."

"என்னை அவனுக்குத் தெரியாதே அண்ணே?"

"அதான் சொல்றேன். அவ்வளவு பெரிய நடிகன்!"

உலர்த்தும் மெஷின் மூலையில் கூவியது. ஆர்லோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து வெர்ஜில் சட்டையில் காபியைச் சிந்திக்கொண்டான். தையல் மெஷின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தான். மறுபடி அதே இடத்தில் விரித்தான்.

ஆர்லோ திரும்பி வந்தபோது அவன் வேறெதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்று கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் டொலீடோவில், ஆட்டக்காரர்களின் பெயர் அட்டைகள் செருகிய பலகை முன்னால் டோரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆர்லோ என்ன சொன்னார்?"

"சோம்பேறி, மறதிக்காரன், மழைக்கு ஆகமாட்டான், நடிகன்."

"போச்சு!" அவள் ஹென்ஸ்லியின் அட்டையைப் பலகையிலிருந்து உருவினாள். "நல்லவேளை, இந்தத் தடவையாவது அவரைக் கேட்டியே."

"நாம விட்டா பத்தாவது இடத்துல இருக்கிற ஓமாஹா அணி தூக்கிடும் மேடம்."

"தூக்கட்டும். அது அவங்க தலைவலி!"

வெர்ஜில் அவள் கையிலிருந்த அட்டையை மெல்ல வாங்கினான். பலகையின் உச்சியில் செருகினான்.

"ஒன்பதாவதா இவனைத்தான் எடுக்கறோம்."

"உனக்குப் பைத்தியமா? இருபத்திரண்டு வருஷத்துல ஆர்லோ ஒரு பொய் சொல்லியிருக்காரா?"

"இல்ல. நேத்துதான் முதல் தடவை. அதான் பாவம், சரியா வரல."

"நல்ல பையனைப் பத்தி அவர் ஏன்யா பொய் சொல்லணும்?"

"அவர் பொறந்து வளர்ந்த ஊர் எதுன்னு இத்தனை வருஷமா நாம யாருமே கேக்கல மேடம். நேத்து அவர் சட்டை ஒண்ணு தைச்சுக்கிட்டிருந்தார். நான் உள்ள போனதும் துண்டு போட்டு மூடிட்டார்."

"சட்டை தைக்கிறது அவர் வேலைதானே?"

"துண்டுக்கு அடியில இருந்தது கல்லூரியோட நீலச் சட்டை இல்ல. ஓமாஹாவோட ஆரஞ்சுச் சட்டை. முதுகுல 'ஹென்ஸ்லி'ன்னு பேரு, கடைசி எழுத்து மட்டும்தான் பாக்கி!"