எத்தனை தடவை கேட்பது

வீடியோ அழைப்பில் நிதீஷின் முகம் வந்ததும் ரித்திகா தன் கேமராவை அணைத்துவிட்டாள். நெட் இழுக்கிறது என்று பக்கத்தில் இருந்த ஆபீஸ் ஜூனியர் அக்ஷிதாவிடம் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

அழைப்பே ஒரு பழைய நிரலைப் பற்றித்தான். பல வருடங்களுக்கு முன் பீளமேட்டில் ஒரு மாடி அறையில் அவளும் அவனும் எழுதிய நெட்வொர்க் லைப்ரரி அது. ஒரு கணினி இன்னொன்றிடம் எப்படிக் கேட்பது என்ற பாதியை அவன் எழுதினான். எப்படிப் பதில் சொல்வது என்ற பாதி அவளுடையது.

மத்தியானச் சோற்றை மறந்து சண்டை போட்ட நாட்கள். நினைத்தால் இப்போதும் அவளுக்கு இனிக்கும்.

பெரிய சண்டை ஒன்றுதான். எதிர்ப்பக்கம் மாட்டேன் என்றால் எத்தனை தடவை திரும்பக் கேட்பது?

மூன்று என்றாள் ரித்திகா. உடுமலைப்பேட்டைக்காரி வேறென்ன சொல்வாள்? அவள் ஊர்ப்பக்கம் விருந்தாளி காபியை எடுத்த எடுப்பில் வாங்கமாட்டார். வேண்டாங்க என்பார். மறுபடி கேட்டால், இப்பத்தான் குடிச்சேனுங்க என்பார். அதற்கப்புறம்தான் கை நீளும். முதல் 'வேண்டாங்க'வை நம்பி டம்ளரை உள்ளே கொண்டுபோனால் ஊரே பேசும்.

அப்பாவின் பேங்க் மாற்றல்களோடு வடக்கே வளர்ந்த நிதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மிஷினுக்கு எதுக்குங்க வெட்கம்? வேண்டாம்னா வேண்டாம்தான். திரும்பக் கேட்டா தொந்தரவு."

அவன் பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை. ஒரே தடவை என்றே எழுதினார்கள்.

இப்போது அதுதான் வம்பு. கொஞ்சம் திணறி மாட்டேன் என்ற சர்வர் அடுத்த நொடியே தயாராகிவிடுகிறது. கேட்ட பக்கமோ அதற்குள் கைவிட்டுப் போய்விடுகிறது. கேட்கும் பாதி அவனுடையது என்பதால், மாற்ற நிதீஷ் சம்மதிக்க வேண்டும். இன்றைக்காவது அவன் தோற்கவேண்டும் என்று ரித்திகா பிடிவாதமாக இருந்தாள்.

அக்ஷிதா எல்லாவற்றையும் விளக்கி முடித்தாள். டொரன்டோவில் உட்கார்ந்திருந்தவன் தாடியைத் தடவிக்கொண்டான். அதில் நரை விழுந்திருந்தது.

"ரித்திகா அன்னைக்கே சொன்னாங்க. எனக்குத்தான் புரியலைங்க. மூணே வெச்சிருங்க."

ரித்திகாவுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

பெங்களூர் வேலைக்கு அவன் கிளம்பிய அன்று வழியனுப்பப் போயிருந்தாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அதெல்லாம் வேண்டாங்க என்றாள்.

அவன் சரிங்க என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

இன்னொரு தடவை கேட்பான் என்று, பஸ் கிளம்பும்வரை அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றாள்.