தண்ணீர் மேசைக்காரி

இரண்டாவது சுற்றிலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தற்செயலாக இல்லை. தொக்தோசுன் வருவதை இருபது அடி தூரத்திலேயே பார்த்தாள். அவன் மார்பில் குத்தியிருந்த அட்டையைப் படித்தாள். படித்த கையோடு வெள்ளைத் தலைக்குட்டையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்பைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

முன்னால் போன ஒருவரையும் அவள் இப்படி விட்டதில்லை. அட்டையில் எண்ணுக்குக் கீழே பேரும் அச்சடித்திருந்தது. "அசாமத் அண்ணே, மூச்சை விட்டுராதீங்க. ஸ்வேத்தா கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்" என்று பேர் பேராகக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முன்பின் தெரியாத ஒரு வாய் நடுத்தெருவில் நம் பேரைச் சொன்னால் செத்த காலுக்கும் உயிர் வரும். பிஷ்கெக்கின் இந்த மாரத்தானில் தொக்தோசுனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வெந்நீராகிப்போன தண்ணீர் பிடிக்காது. பாதையை மறித்ததற்காக விடிந்ததிலிருந்து ஹாரன் அடித்துத் திட்டும் கார்க்காரர்களைப் பிடிக்காது. கொதிக்கிற தார் ரோடு அறவே பிடிக்காது. அந்தத் தாரைப் போட்ட கூட்டத்தில் அவனும் ஒருவன் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

"பேரே 'நிற்கட்டும்', உன்னை எவன்யா ஓடச் சொன்னான்?" என்றான் பக்கத்தில் வந்த கனிபெக். செருப்புக்கடை முதலாளி. காலில் இரண்டு மாதச் சம்பளம் பெறும் ஷூ.

"உன் ஷூவை ஓடச் சொல்லிட்டு நீ வீட்டுல படுத்திருக்கலாம்" என்றான் தொக்தோசுன்.

அவனுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அவர்கள் பேச்சில் தொக்தோசுன் என்றால் 'நிற்கட்டும்'; சாவு இதோடு நிற்கட்டும் என்று அம்மா வைத்த பேர். காலையிலிருந்து அதை வைத்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் வாயில் அந்தப் பேர் வந்தது. இவள் வாயில் அதுகூட வரவில்லை.

அவன் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் பாதையை மறித்துக் கட்டியிருந்த நாடாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே மூக்கை நீட்டியது. அவள் பாய்ந்துபோய் அதன் முன்மூடியில் இரண்டு அறை விட்டாள். "அப்படியே இருங்க. ஒரு அடி நகரக் கூடாது."

"'நில்லு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நிக்கப்போறேன். வண்டிய எதுக்கும்மா அடிக்கிற?" என்றான் கார்க்காரன்.

"இப்ப நகரலையே, அது போதும்."

ஊரையே மிரட்ட வாய் இருக்கிறது, என் பேரைச் சொல்லத்தான் இல்லை என்று கருவிக்கொண்டே தொக்தோசுன் மூன்றாவது சுற்றுக்குப் போனான்.

ஆறு மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களை அள்ளிக்கொண்டு போக ஒரு மஞ்சள் பஸ் பின்னாலேயே வரும். போன வருஷம் அது அவனை அள்ளியது. அன்றிலிருந்து தார்க் கூட்டத்தில் அவனுக்கு 'பயணி' என்று பேர். இன்றைக்குப் பதக்கம் இல்லாமல் திங்கட்கிழமை மண்வெட்டியைத் தொட முடியாது.

கடைசித் தடவையாக மேசைக்கு வந்தபோது வலது கால் பலகையாக இறுகியிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர், பதினோரு நிமிஷம். பஸ் நூறு அடி பின்னால் உறுமிக்கொண்டு வந்தது.

அவனுக்கு முன்னால் நொண்டிக்கொண்டு போன பையனிடம், "குபாத் தம்பி, விடாதே" என்று கத்தினாள். தொக்தோசுன் பக்கம் திரும்பினாள். தலைக்குட்டை நெற்றிக்கு இறங்கியது. ஒரு கோப்பை மட்டும் நீண்டது.

அவன் கோப்பையைத் தட்டிவிட்டான்.

"ஏம்மா, தார்க்காரன் பேரைச் சொன்னா வாயில கறுப்பு ஒட்டிக்குமா?"

"கோவப்படாம ஓடுங்கண்ணே. நேரம் இருக்கு."

"முன்னால போனவனுக்கெல்லாம் பேரு, எனக்கு வெறும் அண்ணே. மூணு தடவை பார்த்துட்டேன். அட்டையில எழுத்து தெரியலையா, இல்ல என் மூஞ்சி பிடிக்கலையா?"

"எழுத்து தெரியுதுண்ணே."

"தெரியுதுல்ல? அப்ப சொல்லு. சொல்ற வரைக்கும் நான் இங்கதான்." நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கால் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அவள் கன்னம் சிவந்துவிட்டது. யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ரோட்டில் ஒருவரும் இல்லை.

பஸ் வந்து கதவைத் திறந்தது. "இந்த வருஷமும் நீதானா?" என்றான் ஓட்டுநர். "ஏறுப்பா, உள்ள காத்தாடி ஓடுது."

தொக்தோசுன் கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். "பார்த்துக்க," என்றான் அவளிடம். "என்னை ஏத்திவிட்டது கால்வலி இல்ல, நீதான்." ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான்.

அவள் கையிலிருந்த கோப்பைகளைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"இறங்கி ஓடுங்க, எங்க மாமனார் பேருக்காரரே."