ஐந்து மணிக்குள்

மூன்றாவது முறையாகக் கணவரின் கால் கட்டைவிரலைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளியும் அந்த முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“தெரியுதா?”

“கிள்ளிட்டியா என்ன?” என்று கேட்டார் அவர்.

மணி இரண்டரை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

சிறுநீரகக் கல். குழாய் விட்டு லேசரில் உடைத்துவிடலாம், காலையில் வந்தால் மதியமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னதால்தான் இன்றைக்கு ஒப்புக்கொண்டாள். இல்லாவிட்டால் இந்த நாளில் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பாளா? வலி நாள் பார்த்தா வருகிறது?

நேற்றே மயக்க டாக்டர் இருவரையும் உட்காரவைத்து விளக்கியிருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி. அதற்கு இரண்டு மருந்து. ஒன்று இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். மற்றது முழுதாக விட ஆறேழு மணி நேரம்கூட ஆகும், ஆனால் அதுவரை வலி கிட்டே வராது.

எது வேண்டும் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், கணவர் வாயைத் திறப்பதற்குள், இவள்தான் சொன்னாள். சீக்கிரம் விடுவதே போதும்.

டாக்டரும் நன்றாகத் தலையாட்டினார்.

தலையாட்டிய மனிதர் தியேட்டருக்குள் போனதும் மறந்திருப்பார். ஒரு நாளைக்குப் பத்து முதுகில் குத்துகிறவருக்கு யார் எதைக் கேட்டார்கள் என்று எங்கே ஞாபகமிருக்கப் போகிறது! பத்து மணிக்குப் போட்ட ஊசி. பன்னிரண்டுக்கு வரவேண்டிய கால் இன்னும் வந்த பாடில்லை.

“காலைத் தூக்கணும், நடக்கணும், யூரின் போகணும். அப்பதான் அனுப்புவோம்” என்று சிஸ்டர் நான்காவது தடவையும் அதே குரலில் சொன்னாள்.

வீல்சேரில் வைத்தாவது ஆளைக் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று இவள் கெஞ்சிப் பார்த்தாள். இரவல் குடை கேட்பது போல ஆளைக் கேட்கிறாளே என்று சிஸ்டர் சிரிக்கக்கூட இல்லை.

ஐந்து மணிக்குள் கணவர் அந்த இல்லத்தில் இருந்தாக வேண்டும். ஞாபகம் போன பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். எட்டு மாதம் காத்திருந்து மாமனாருக்குக் கிடைத்த ஒரே ஒரு படுக்கை. மகன் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் ஐந்து மணிக்கு அது அடுத்தவருக்கு.

“நான் வந்து போட்டா ஆகாதாங்க?” என்று காலையிலிருந்து இரண்டு முறை போனில் கேட்டுவிட்டாள்.

“மருமக கையெழுத்து செல்லாதும்மா.”

ஆறு வருஷமாகக் குளிப்பாட்டியது செல்லும். ஊட்டிவிட்டது செல்லும். பல் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டது செல்லும். கதவைத் திறந்துகொண்டு தெருவில் போய்விடுகிறாரே என்று தினமும் வாசற்படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பது செல்லும். கையெழுத்து மட்டும் செல்லாதாம். நன்றாயிருக்கிறது நியாயம்!

அந்த மாமனார் இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் பெட்டியும் சட்டையுமாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. இவள் யார் என்றும் தெரியாது. “ஏம்மா, நீ எப்ப உன் வீட்டுக்குப் போவ?” என்று தினமும் மரியாதையாகத்தான் கேட்பார்.

மூன்றரைக்குக் கணவர் லேசாகக் குறட்டை விட்டார். இந்த மனிதருக்கு எதுதான் உறைக்கும்? போர்வையை விலக்கி முழங்காலைத் தட்டினாள், தேய்த்தாள், பாதத்தைப் பிடித்து ஆட்டினாள். அது வேறு யாருடைய காலோ போலக் கனத்துக் கிடந்தது.

“விடு. நம்ம கையில என்ன இருக்கு” என்றார் கண்ணைத் திறக்காமலே.

நாலே முக்காலுக்கு வலது காலில் சுண்டுவிரல் அசைந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஓடிப்போய் சிஸ்டரைக் கையோடு இழுத்துவந்தாள். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டாள்.

ஐந்து ஐந்துக்கு இல்லத்திலிருந்து போன் வந்தது. படுக்கையைக் கொடுத்துவிட்டார்களாம். இனி எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாதாம், ஒரு வருஷம்கூட ஆகலாமாம்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மயக்க டாக்டர் வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். இவள் வாயெடுப்பதற்குள் கணவரின் தோளைத் தட்டினார்.

“சாருக்கு எவ்ளோ முன்ஜாக்கிரதைம்மா! சீக்கிரம் விடுற மருந்தத்தான் ஊசியில ஏத்தி வச்சிருந்தேன், வேணாம், ரொம்ப நேரம் நிக்கிறதையே போடுங்கன்னுட்டாரு. அஞ்சு மணி வரைக்கும் கண்டிப்பா தாங்குமான்னு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டாரு.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்திலிருந்து காதுவரை ஈரமாக இருந்தது.

வலி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தார்.

இவளை யாரும் கேட்கவில்லை.