பீடத்தில் ஒரு மாத்திரைப் பெட்டி

“டீச்சர், மருந்தையும் ஆண்டவர்தானே குடுத்தாரு?” என்று ஞாயிறு வகுப்பில் ஒரு பிள்ளை முன்பு கேட்டது. அன்று சிரித்துவிட்டுப் பாட்டுக்குத் தாவிய டீச்சர் புளோரா, மலேசியாவின் கூலாய் நகரில் ஒரு கடைவீட்டு ஜெபக்கூடத்தில் இப்போது நிற்கிறாள். வலிப்பு நோயுள்ள ரூபினி, விசுவாசத்தின் அடையாளமாகத் தன் மாத்திரைப் பெட்டியைப் பீடத்தில் வைத்திருக்கிறாள். இருவர் அவள் கைகளை முறுக்கிப் பிடிக்க, போதகர் நெற்றியில் ஓங்கி அடிக்கிறார். ஒலிபெருக்கி அலறுகிறது. “வலிக்குது பாஸ்டர், விடுங்க!” “பேசுறது நீ இல்லலா, உள்ள இருக்கிற பிசாசு!” மறுபடியும் அறை விழுகிறது. உதடு கிழிந்து, தொழிற்சாலைச் சீருடையில் ரத்தம் சொட்டுகிறது. ரூபினி சுருண்டு விழுகிறாள். “சுகமாயிட்டா! இதுதான் கர்த்தரோட சித்தம். ஜெபம் முடிஞ்சதும் மாத்திரைய குப்பையில போட்டுருவோம். கண்ண மூடுங்க!” எல்லாரும் கண்களை மூடுகிறார்கள். முன்பொரு நாள் புளோராவின் கணவன் ஹெல்மெட்டால் அடித்துப் போட்டபோது அவளைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் இந்த ரூபினிதான். நாளை இவள் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். மாத்திரை இல்லாமல் அங்கே வலிப்பு வந்தால்? ‘உமது சித்தம் எது ஆண்டவரே?’ என்று புளோராவும் ஜெபிக்கிறாள். கண்களை மட்டும் மூடவில்லை. பீடத்துக்குப் போய், பெட்டியிலிருக்கும் மாத்திரை அட்டைகளை உருவிக்கொண்டு வெறும் பெட்டியை மூடி வைக்கிறாள். அட்டைகளை ரூபினியின் கைப்பைக்குள் போட்டு, சத்தமில்லாமல் ஜிப்பை இழுக்கிறாள்.